வளைந்த கால்களும் தவிட்டுக் கூடையும்

இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை மனிதர்களின் தேக சௌக்கியத்தைப் பற்றியவை. குழந்தைக்குப் பால் ஜீரணமாவதில்லை. பாட்டிக்கு முழங்கால் வலி. பையனுக்குக் கரும்பலகையில் எழுதியிருப்பது தெரியவில்லை. இப்படி எழுதுகிறவர்களே அதிகம். இந்த முறை ஐந்து ஆட்டுக்குட்டிகளின் சார்பாக ஒரு கடிதம் வந்திருக்கிறது. எழுதியிருப்பவர் சிற்றூர் ஒன்றில் குடித்தனம் செய்யும் ஒரு சகோதரி. கடிதத்தில் கவலை இருக்கிறது; புலம்பல் இல்லை. நான்கு பக்கங்களிலும் விவரங்களே நிறைந்திருக்கின்றன. பரீட்சையில் விடை எழுதும் மாணவர்கள் இந்த வழக்கத்தைக் கைக்கொண்டால் என் போன்ற உபாத்தியாயர்களுக்குப் பாதி வேலை குறைந்துவிடும்.

விஷயம் இதுதான். சீட்டுப் பணம் கைக்கு வந்ததும், அதைக் கொண்டு ஐந்து செம்மறிக் கிடாய்க் குட்டிகளை வாங்கியிருக்கிறார்கள். பால் மறந்த, மூன்று மாதக் குட்டிகள். நன்றாக வளர்த்து விற்றால் மூத்த பெண்ணின் கல்லூரிச் சம்பளத்துக்கு ஆகும் என்பது உத்தேசம். தெரு நாய்களின் தொல்லைக்குப் பயந்து, கொல்லையில் நான்கு பக்கமும் சுவர் எழுப்பிய கொட்டகையில் குட்டிகளை அடைத்து வைத்திருக்கிறார்கள். மேலே கண்ணாடி ஓடு பதித்திருப்பதால் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. அடுத்த வீதி அரிசி மில்லிலிருந்து நல்ல தவிடு கிடைக்கிறது. தவிடும், கழுநீரும், வைக்கோலும் வேண்டிய மட்டும் கொடுத்து வந்திருக்கிறார்கள். இரண்டு மாதம் குட்டிகள் பார்க்கப் பார்க்கக் கொழுத்தன. பிறகு இரண்டு குட்டிகள் விறைத்து நடக்க ஆரம்பித்தன. முன்னங்கால் முட்டிகள் பருத்தன. கால்கள் வில்லைப் போல் வளைந்தன. இப்போது ஒன்று எழுந்திருக்கவே யோசிக்கிறது. திருஷ்டி என்கிறாள் பக்கத்து வீட்டுக் கிழவி. விலை உயர்ந்த டானிக் புட்டி ஒன்றை எடுத்து நீட்டுகிறார் கடைக்காரர்.

"எங்கள் வீதி வழியாகத் தினமும் ஒரு கிடை போகிறது. அந்தக் குட்டிகள் வேலியில் கிடைத்ததைக் கடித்துக்கொண்டு மைல் கணக்கில் நடக்கின்றன. அவற்றின் கால்கள் நேராக இருக்கின்றன. நாங்கள் எங்கள் குட்டிகளுக்கு என்ன குறை வைத்தோம்?" என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருக்கிறார் அச்சகோதரி.

நியாயமான கேள்வி. அவர் குறை வைத்தது இரண்டில். அளவுக்கு மிஞ்சிக் கொடுத்தது ஒன்றில். மூன்றும் சேர்ந்துதான் கால்களை வளைத்திருக்க வேண்டும். அது எப்படி என்று பார்ப்போம்.

எலும்பு என்னும் கஜானா

எலும்பு என்றதும் நமக்கு நினைவு வருவது காய்ந்து வெளுத்த ஒரு பொருள். உயிருள்ள உடம்பிலோ அது இரத்தம் ஓடும் ஜீவனுள்ள அங்கம். முதலில் மீள்தன்மையுள்ள புரதத்தால் ஒரு சட்டம் அமைகிறது. அந்தச் சட்டத்தில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்வரச் சத்தும் சேர்ந்த உப்பு படிகிறது. புரதச் சட்டம் மூங்கில் தட்டி என்றால், உப்பு அதன்மேல் அப்பும் மண். தட்டி மட்டும் இருந்தால் வளையும். மண் மட்டும் இருந்தால் உடையும்.

உடம்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. கெமிஸ்ட்ரி வகுப்பில் பாஸ்பரஸ் என்று நாம் படித்த பாஸ்வரத்தில் சுமார் 80 பங்கு அங்கேதான். எலும்பில் பாஸ்வரம் ஒரு பங்கு என்றால், சுண்ணாம்பு எடையில் ஏறக்குறைய இரண்டு பங்கு. இந்த இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டும். கட்டுரை முழுவதும் இது நம்முடன் வரப்போகிறது.

குட்டியின் கால் எலும்பு நீளுவது அதன் நடுவில் அல்ல. இரு முனைகளுக்கும் அருகில். அங்கே மெல்லிய குருத்தெலும்புத் தட்டு ஒன்று இருக்கிறது. அதன் ஒரு புறத்தில் புதிய குருத்து உண்டாகிக்கொண்டே இருக்கும். மறு புறத்தில் பழைய குருத்தில் உப்பு படிந்து, அது கெட்டி எலும்பாக மாறிக்கொண்டே வரும். உப்பு போதாவிட்டால் என்ன ஆகும்? குருத்து உண்டாவது நிற்காது. கெட்டியாவது மட்டும் நிற்கும். ஆகவே முனைகளில் மெதுவான குருத்து குவிந்து, மூட்டு பருத்துத் தோன்றும். அதன்மேல் உடம்பின் பாரம் ஏறியதும் கால் வளையும். விலா எலும்புகளின் நுனியில் உருத்திராட்ச மணிகளைக் கோத்தது போல் முடிச்சுகள் தோன்றுவதும் உண்டு. இதுவே ரிக்கெட்ஸ் என்னும் வியாதி. மனிதக் குழந்தைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் இது வரும் வழி ஒன்றே.

இதிலிருந்து ஒரு விசித்திரமான உண்மை விளங்கும். வேகமாக வளரும் குட்டிக்குத்தான் ஆபத்து அதிகம். அரைவயிற்றுக்குத் தின்று மெலிந்து கிடக்கும் குட்டியின் எலும்பு நீளவே நீளாது. ஆகவே அது வளைவதும் குறைவு. சகோதரியின் வீட்டுக் குட்டிகள் கொழுத்து வளர்ந்தன என்பது அவருடைய சிரத்தைக்கு அத்தாட்சி. அந்த வளர்ச்சியே எலும்பின் கடனை ஏற்றியும்விட்டது.

எலும்புக்கு வேறொரு உத்தியோகமும் உண்டு. அது உடம்பின் கஜானா. இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஒரே அளவில் இருந்தால்தான் இருதயம் அடிக்கும், தசை அசையும். அந்த அளவு சற்றுக் குறைந்தால், கழுத்திலுள்ள பாராதைராய்டு என்னும் சிறு கோளங்கள் உடனே உத்தரவு பிறப்பித்து, எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுத்து இரத்தத்தில் சேர்த்துவிடும். உயிர் பிழைக்கும், எலும்பு இளைக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வெகுநாள் வரையில் ஒன்றும் தெரியாது. கால் வளைந்த பிறகுதான் கஜானா காலி என்பது தெரிகிறது.

தவிட்டின் கணக்கு

இப்போது கணக்குக்கு வருவோம். வளரும் செம்மறிக் குட்டி ஒரு கிலோ எடை கூடினால், அதில் சுமார் 11 கிராம் சுண்ணாம்புச் சத்தும் 6 கிராம் பாஸ்வரமும் போய்ச் சேருகின்றன. ஒரு நாளைக்கு 100 கிராம் எடை கூடும் குட்டியின் உடம்பில் 1.1 கிராம் சுண்ணாம்பு தங்க வேண்டும். அன்றாடம் கழிவில் போவதும் உண்டு. தின்றது அனைத்தும் குடலில் கிரகிக்கப்படுவதும் இல்லை. ஆகையால் தீவனத்தில் குறைந்தது இரண்டரை கிராமாவது இருந்தாக வேண்டும்.

15 கிலோ எடையுள்ள குட்டி தினமும் 300 கிராம் தவிடும் 300 கிராம் வைக்கோலும் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரிசித் தவிட்டில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு பாஸ்வரம் இருக்கிறது. சுண்ணாம்போ நூற்றுக்குப் பத்தில் ஒரு பங்குதான். ஆகவே 300 கிராம் தவிடு கொடுப்பது 4½ கிராம் பாஸ்வரம். சுண்ணாம்பு வெறும் 0.3 கிராம். வைக்கோலிலிருந்து சுண்ணாம்பு ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கலாம். பாஸ்வரம் அதில் மிகச் சொற்பம். மொத்தத்தில் சுண்ணாம்பு 1.2 கிராம், பாஸ்வரம் 4¾ கிராம். வேண்டியது இரண்டுக்கு ஒன்று. கிடைப்பது ஒன்றுக்கு நான்கு, அதுவும் தலைகீழாக! சுண்ணாம்பு தேவையில் பாதிகூட வரவில்லை. போதாக்குறைக்கு வைக்கோலிலுள்ள ஆக்ஸலேட் என்னும் புளிப்புச் சத்து அந்தச் சொற்பச் சுண்ணாம்பிலும் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

தவிட்டுப் பாஸ்வரத்தில் பெரும் பகுதி பைட்டேட் என்னும் பூட்டுக்குள் இருக்கிறது. கோழியும் மனிதனும் அந்தப் பூட்டைச் சுலபமாகத் திறக்க முடியாது. ஆட்டின் முதல் இரைப்பையில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாசம் செய்கின்றன. அவை பூட்டைத் திறந்து பாஸ்வரத்தை வெளியே விட்டுவிடும். ஆகையால் ஆட்டுக்குத் தவிட்டின் பாஸ்வரம் காகிதக் கணக்கு அல்ல. உண்மையாகவே உடம்பில் சேருகிற கணக்கு.

இந்த வியாதிக்குப் பழைய சரித்திரம் உண்டு. நீராவி யந்திரங்கள் பரவுவதற்கு முன்பு ஐரோப்பாவில் மாவு அரைக்கும் ஆலைகளில் வேலை செய்த குதிரைகளுக்கு முகம் வீங்கி, எலும்பு மிருதுவாகிவிடுவது வழக்கம். ஆலைக்காரன் வியாதி என்றே அதற்குப் பெயர். ஆலைக்காரனுக்குத் தவிடு மலிவு. ஆகவே குதிரைக்குத் தவிட்டையே கொட்டினான். வறுமையால் வந்த வியாதியல்ல அது. ஒரே பொருள் தாராளமாகக் கிடைத்ததால் வந்தது. அரிசி மில்லுக்கு அடுத்த வீதியில் கொட்டகை இருந்தால் நமக்கும் அதுவே நேரும்.

கிடாய்க் குட்டிகளுக்கு இன்னொரு அபாயமும் உண்டு. மிஞ்சிய பாஸ்வரம் சிறுநீரில் சேர்ந்து, மணலைப் போலவும் கல்லைப் போலவும் உறைகிறது. கிடாயின் மூத்திரக்குழாய் மெல்லியது; வளைந்து வளைந்து செல்வது. இளம் வயதில் காயடித்த குட்டிக்கு அது இன்னும் குறுகல். கல் அடைத்துக்கொண்டால் குட்டி முக்கி முக்கி நிற்கும், வாலை ஆட்டும், வயிற்றை உதைக்கும், சொட்டுச் சொட்டாகவே நீர் போகும், அல்லது போகவே போகாது. சில நாட்களில் உயிரும் போய்விடும். இந்த அடையாளங்களைக் கண்டால் மறுநாள் வரையில் காத்திருக்கலாகாது; அன்றே வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும்.

கண்ணாடி ஓடு தடுத்த வெயில்

சுண்ணாம்பு தீவனத்தில் இருந்தால் மட்டும் போதாது. அதைக் குடலிலிருந்து உள்ளே அழைத்து வர ஒரு தூதன் வேண்டும். அத்தூதனே வைட்டமின் 'டி'. 1919ஆம் வருஷத்தில் இதைப் பற்றி இரண்டு முக்கியமான ஆராய்ச்சிகள் வெளிவந்தன. லண்டனில் எட்வர்ட் மெல்லன்பி நாய்க்குட்டிகளை வீட்டுக்குள்ளேயே வைத்துத் தானிய உணவு கொடுத்து வளர்த்தார். அவற்றுக்கு ரிக்கெட்ஸ் வந்தது. காட்லிவர் ஆயில் கொடுத்ததும் விலகியது. பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்னும் குழந்தை வைத்தியர், ரிக்கெட்ஸ் பீடித்த குழந்தைகள்மேல் புற ஊதாக் கதிர் விளக்கின் ஒளியைப் பாய்ச்சிக் குணப்படுத்தினார். ஒரு கையின்மேல் மட்டும் ஒளி பட்டபோதும், மறு கையின் எலும்பும் குணமாயிற்று. தோலில் உண்டான ஏதோ ஒன்று இரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் செல்கிறது என்பது அதனால் விளங்கியது. மீன் எண்ணெயில் இருந்த பொருளும், வெயில் தோலில் உண்டாக்கும் பொருளும் ஒரே வேலையைச் செய்பவை என்பது பின்னால் தெளிவாயிற்று. 1922இல் அமெரிக்க விஞ்ஞானி மக்காலம் தம் சகாக்களுடன் செய்த ஆராய்ச்சிக்குப் பின் அதற்கு 'டி' என்ற எழுத்து கிடைத்தது.

நியூஸிலாந்தின் தென் தீவில் குளிர்காலத்தில் பச்சை ஓட்ஸ் பயிரை மேய்ந்த இளம் ஆடுகளுக்கு ரிக்கெட்ஸ் வந்தது. வயிறு நிறைய நல்ல பசுந்தீவனம்தான். ஆனால் குளிர்காலச் சூரியன் தாழ்வாகச் சாய்ந்து செல்வதால் வேண்டிய கதிர் கிடைக்கவில்லை. பசும் பயிரில் மிகுதியாக உள்ள காரோட்டின் சத்தும் வைட்டமின் 'டி'யின் வேலைக்கு இடையூறாக இருந்தது. அந்த வைட்டமினைக் கொடுத்ததும் வியாதி தடுக்கப்பட்டது. பசுமை வேறு, வெயில் வேறு. ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

தமிழ்நாட்டில் வெயிலுக்கா பஞ்சம்? வருஷம் முழுவதும் இருக்கிறது. நம் நாட்டுச் செம்மறிகளில் பல இனங்களுக்குக் கம்பளிப் போர்வையும் கிடையாது, குட்டையான ரோமம்தான். மேச்சேரி ஆடும் சென்னைச் சிவப்பு ஆடும் அத்தகையவை. ஆகவே வெளியில் திரியும் குட்டிக்கு இக்குறை வருவதற்கு இடமே இல்லை. கிடைக்காரர்கள் தாய் ஆடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்லும்போது இளங்குட்டிகளைக் கொடாப்புக்குள் கவிழ்த்து வைப்பார்கள். அதன் இடுக்குகள் வழியாகவும் காலை வெயில் குட்டியின்மேல் விழும். மாலையில் தாயுடன் துள்ளும்போதும் விழும்.

சகோதரியின் கொட்டகையில் கண்ணாடி ஓடு பதித்திருக்கிறது. வெளிச்சம் வருகிறது, உஷ்ணமும் வருகிறது. ஆனால் வைட்டமின் 'டி'யை உண்டாக்கும் கதிரை மட்டும் சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. கண்ணுக்கு அது வெயில், எலும்புக்கு நிழல். நாய்களுக்குப் பயந்து எழுப்பிய சுவர் நாய்களைத் தடுத்தது போலவே சூரியனையும் தடுத்துவிட்டது.

எலும்பைத் தின்ற மாடுகள்

சுண்ணாம்பு குறைந்தால்தான் கெடுதல் என்று எண்ணிவிடக் கூடாது. பாஸ்வரம் குறைந்தாலும் எலும்பு கெடும். இதைத் தெளிவாகக் காட்டியவர் தென்னாப்பிரிக்காவில் வேலை செய்த ஸ்விட்ஸர்லாந்துக்காரரான மிருக வைத்தியர் ஸர் ஆர்னால்ட் தைலர். மஞ்சள் ஜுரத்துக்குத் தடுப்பு மருந்து கண்டு 1951இல் நோபல் பரிசு பெற்ற மாக்ஸ் தைலர் இவருடைய புதல்வர்.

அந்நாட்டின் வறண்ட புல்வெளிகளில் மாடுகள் திடீரென்று கால் முடங்கி மடிந்துகொண்டிருந்தன. 1919 முதல் ஆர்மூட்ஸ்வ்லாக்டே என்னும் பண்ணையில் தங்கித் தைலரும் அவருடைய சகாக்களும் காரணத்தைத் தேடினார்கள். மண்ணில் பாஸ்வரம் குறைவு. ஆகவே புல்லிலும் குறைவு. ஆகவே மாட்டின் எலும்பிலும் குறைவு. அக்குறையைத் தீர்த்துக்கொள்ள மாடுகள் வெளியில் கிடந்த செத்த பிராணிகளின் எலும்பைத் தேடிச் சென்று மென்றன. அந்த அழுகிய எலும்பில் இருந்த கிருமி விஷம் அவற்றைக் கொன்றது. பசித்தவன் கண்டதைத் தின்று மாண்ட கதைதான். சுத்தமான எலும்புத் தூளைத் தீவனத்துடன் கொடுத்ததும் மாடுகள் எலும்பு தேடுவதை விட்டன, எடையும் கூடியது.

இதன் பிறகு எலும்புத் தூள் ஆடு மாடுகளுக்குச் சிறந்த சத்துப் பொருள் என்ற பெயர் பெற்றது. ஆனால் அந்தக் கீர்த்திக்கும் ஒரு முடிவு வந்தது. 1986இல் இங்கிலாந்தில் பசுக்களுக்குப் பைத்திய வியாதி கண்டது. ஆடு மாடுகளின் இறைச்சியையும் எலும்பையும் அரைத்துச் சேர்த்த தீவனமே அது பரவியதற்குக் காரணம் என்று தெரியவே, 1988இல் அசை போடும் பிராணிகளுக்கு அத்தீவனம் கொடுப்பதை அந்நாட்டுச் சர்க்கார் தடுத்தார்கள். புல் தின்னும் பிராணிக்கு அதன் இனத்தின் எலும்பையே அரைத்துக் கொடுப்பது தகாது என்று உலகம் கற்றுக்கொண்டது இப்படித்தான். இக்காலத்தில் அதற்குப் பதிலாகத் தாதுப் பாறையிலிருந்து சுத்திகரித்து எடுத்த டைகால்ஷியம் பாஸ்பேட் என்னும் உப்பு வழங்குகிறது. யாரேனும் எலும்புத் தூளைச் சிபாரிசு செய்தால், அது செடிகளுக்கு உரமாகட்டும் என்று சொல்லிவிடலாம்.

குட்டி சுவரை நக்குகிறதா, மண்ணைத் தின்கிறதா, கயிற்றையும் துணியையும் மெல்லுகிறதா என்று கவனிப்பது நல்லது. பாஸ்வரமோ, சாப்பாட்டு உப்போ, வேறு தாதுவோ குறைந்திருக்கலாம். குடற்புழு இருந்தாலும் இப்படிச் செய்யும். குட்டி தன் குறையை வாயால் சொல்வது இந்த ஒரு விதத்தில்தான்.

மருந்தே விஷமாகும் விதம்

இவ்வளவு படித்ததும், "அப்படியானால் கடையில் கிடைக்கும் எல்லாத் தாதுக்களையும் வாங்கிக் கொட்டிவிடுவோமே!" என்று சில நேயர்கள் எண்ணக்கூடும். அவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள்.

முதலாவது, தாமிரம். எலும்பின் புரதச் சட்டத்தில் இழைக்கு இழை முடிச்சுப் போடும் நொதிக்குத் தாமிரம் அவசியம். அது இல்லாத குட்டிகளின் எலும்பு சுலபமாக ஒடியும். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆட்டுக்குட்டிகள் பின்னங்கால் தள்ளாடி விழும் வியாதிக்குத் தாய் ஆடுகளுக்கு ஏற்பட்ட தாமிரக் குறைவே காரணம் என்று 1937இல் பென்னட்ஸ், சாப்மன் என்னும் இருவர் எடுத்துக் காட்டினார்கள். ஆனால் இதே தாமிரம் சற்று மிஞ்சினால், வீட்டுப் பிராணிகளில் செம்மறி ஆட்டுக்குத்தான் கெடுதல் மிக அதிகம். அது வாரக் கணக்கில், மாதக் கணக்கில் ஈரலில் ஓசையின்றிச் சேரும். ஒரு நாள் திடீரென்று இரத்தத்தில் பாயும். சிறுநீர் கறுத்து, கண் மஞ்சளாகி, ஆடு ஓரிரு நாளில் இறந்துவிடும். பன்றிக்கும் கோழிக்கும் தயாரித்த தீவனத்தில் தாமிரம் செம்மறிக்கு ஆகாத அளவில் இருக்கலாம். ஆகவே பையின்மேல் செம்மறி ஆட்டுக்கு உரியது என்று இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

இரண்டாவது, ஃப்ளூரைடு. 1937இல், அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் ஜில்லாவில், குடிநீரிலுள்ள ஃப்ளூரைடு மனிதர்களின் எலும்பை விறைக்கச் செய்து முடமாக்குவதை டாக்டர்கள் விவரித்து எழுதினார்கள். தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் ஜில்லாக்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் இது உண்டு. ஆட்டின் பல்லையும் எலும்பையும் இது கெடுக்கும். பல்லில் பழுப்புக் கறை காண்பது முதல் அடையாளம். இப்பக்கங்களில் கால் விறைத்த குட்டிக்குச் சுண்ணாம்பு கொடுத்துக்கொண்டே இருந்தால் மட்டும் போதாது. கிணற்று நீரைப் பரிசோதிக்க வேண்டும். சுத்திகரிக்காத பாறைப் பாஸ்பேட்டிலும் ஃப்ளூரைடு இருக்கிறது. உரக்கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதைத் தீவனத்தில் கலப்பது பெரும் தவறு.

டானிக் புட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது மோசம் என்று நான் சொல்லவில்லை. ஒரு மூடி டானிக்கில் எத்தனை கிராம் சுண்ணாம்பு இருக்கிறது என்று மேல் சீட்டைப் படித்துப் பாருங்கள். குட்டிக்குத் தினமும் குறைவது ஒரு கிராமுக்கு மேல். அந்தக் குறையை ஈடு செய்ய எத்தனை மூடி வேண்டும், அதற்கு மாதம் எவ்வளவு செலவாகும் என்று ஐந்தாம் வகுப்புக் குழந்தையே கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். அந்த விடையைப் பார்த்த பிறகு வாங்குவதா வேண்டாமா என்று தீர்மானியுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது

முதலில், படுத்துக்கொண்டிருக்கும் குட்டியைக் கால்நடை வைத்தியரிடம் காட்ட வேண்டும். கால் முட்டி பருப்பதெல்லாம் ரிக்கெட்ஸ் ஆகாது. தொப்புள் வழியாகக் கிருமி புகுந்து மூட்டு பழுத்தாலும் வீங்கும்; அப்போது தொட்டால் சுடும், ஜுரம் இருக்கும். ஸெலினியம், வைட்டமின் 'ஈ' குறைந்து தசை வெளுத்துப்போனாலும் விறைத்து நடக்கும். குளம்பு அழுகலால் நொண்டுவதும் உண்டு. வைத்தியர் பார்த்து, வேண்டுமானால் வைட்டமின் 'டி' ஊசி போடுவார். அதை நாமாகப் போட்டுக்கொள்வது ஆபத்து. மிஞ்சினால் எலும்பில் சேர வேண்டிய சுண்ணாம்பு இரத்தக் குழாயிலும் சிறுநீரகத்திலும் படிந்துவிடும்.

இரண்டாவது, தவிட்டைப் பாதியாகக் குறைக்க வேண்டும். 150 கிராம் தவிட்டுடன், தீவனத்துக்கென்று விற்கும் சுண்ணாம்புக்கல் தூளை 10 கிராம் கலந்தால், அதிலிருந்து 3.8 கிராம் சுண்ணாம்புச் சத்து வரும். வைக்கோலையும் சேர்த்தால் மொத்தம் ஏறக்குறைய 5 கிராம். பாஸ்வரம் 2½ கிராம். நாம் நினைவில் வைத்த இரண்டுக்கு ஒன்று வந்துவிட்டது! வெற்றிலைச் சுண்ணாம்பும், சுட்ட சுண்ணாம்பும் இதற்கு உதவா. அவை வாயையும் குடலையும் புண்ணாக்கும். அரைத்த கல் தூளோ, நன்றாகப் பொடித்த கிளிஞ்சல் தூளோதான் தகும்.

மூன்றாவது, குறைத்த தவிட்டின் இடத்தில் தழை. அகத்தி, சவுண்டல், வேலிமசால், குதிரைமசால், காய்ந்த கடலைக்கொடி ஆகிய இவையெல்லாம் சுண்ணாம்புச் சத்து நிறைந்தவை, புரதமும் உள்ளவை. வீதி வழியே போகும் கிடைக்குட்டி வேலியில் கடித்துக்கொண்டு போவதும் இத்தகைய தழைகளைத்தான். வேலியோரத்தில் பத்து அகத்தி நட்டால் சில மாதங்களில் தழை கிடைக்கும். சமையலறைக்கும் கீரை ஆகும்.

நான்காவது, தினமும் சில மணி நேரமாவது குட்டிகள் திறந்த வெளியில் நிற்க வேண்டும். நாய்ப் பயம் இருந்தால் சுவருக்குப் பதிலாகக் கம்பி வலை அடைத்த முற்றம் ஒன்று போதும். நடந்து ஓடித் திரிவதாலும் எலும்பு கெட்டிப்படும். ஆனால் கால் வளைந்த குட்டியை இப்போதைக்கு ஓட விடாமல், மெத்தென்ற வைக்கோலின்மேல் வெயிலில் இருத்துவது நலம்.

ஐந்தாவது, தீவனக் கலவையை வீட்டிலேயே தயாரிப்பவர்கள் 100 கிலோவுக்குச் செம்மறி ஆட்டுக்குரிய தாது உப்புக் கலவை 2 கிலோவும், சாப்பாட்டு உப்பு 1 கிலோவும் சேர்ப்பது பொது விதி. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் இத்தகைய கலவையைத் தயாரித்து வழங்குகிறது. நல்ல தண்ணீர் எந்நேரமும் எதிரில் இருக்க வேண்டும். உப்பும் தண்ணீரும் சேர்ந்தால் கிடாய் அடிக்கடி நீர் கழிக்கும்; கல் சேருவது குறையும்.

குட்டிகள் தேறுமா என்று அச்சகோதரி கேட்டிருக்கிறார். உண்மையைச் சொல்வதே மரியாதை. இன்னும் வியாதி தெரியாத மூன்றுக்கும், தீவனத்தையும் வெயிலையும் இன்றே சரிப்படுத்தினால், பயமில்லை. இலேசாக விறைத்து நடக்கும் குட்டியின் வலி சில வாரங்களில் தணியும். வளர்ச்சி பாக்கி இருப்பதால் காலும் ஓரளவு நிமிரலாம். மிகவும் வளைந்து, எழவே தயங்கும் குட்டிக்கு வலி நீங்கக்கூடும். கால் முழுவதும் நேராவது துர்லபம். அதனால் விலையில் நஷ்டம் வந்தாலும், ஐந்தில் நான்கைக் காப்பாற்றிவிடலாம் என்பதே என் எண்ணம். பெண்ணின் கல்லூரிச் சம்பளத்துக்குப் பெரும் பகுதி அதிலிருந்து கிடைத்துவிடும்.

கடைசியாக, தாய் ஆடு வளர்ப்பவர்களுக்கு. செம்மறியின் கர்ப்ப காலம் சுமார் 150 நாள். குட்டியின் எலும்பில் பெரும் பகுதி கெட்டிப்படுவது கடைசி ஆறு வாரங்களில். பிறந்த பின்பு குட்டிக்கு வேண்டிய சுண்ணாம்பு பாலிலிருந்து வர வேண்டும். ஆட்டுப்பாலில் லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டு கிராம் இருக்கிறது, பசும்பாலைவிட அதிகம். இந்த இரு காலங்களிலும் தாய் தீவனத்தில் கிடைக்காததைத் தன் எலும்பிலிருந்து எடுத்துக் குட்டிக்குக் கொடுக்கிறது. பால் வற்றும் தறுவாயிலும் பிறகும் அதற்கு நல்ல தழையும் தாது உப்பும் கிடைத்தால் கஜானா மறுபடியும் நிரம்பும். கிடைக்காவிட்டால் அடுத்த ஈற்றில் தாயும் தளரும், குட்டியும் தளரும். சினை ஆட்டுக்கு ஒரு கட்டு அகத்தித் தழையை இன்று போடுகிறவர், இனிப் பிறக்கப்போகும் குட்டியின் கால்களுக்கே அதைப் போடுகிறார்.